மீட்டர் ஒரு வண்டியது, டேங்க் யூனிட் இன்னொன்றது: பழைய பிக்கப் டேஷ்போர்டில் பொருந்தாத பாகங்களைச் சரிசெய்வது

பழைய பிக்கப்பின் டேஷ்போர்டு பெரும்பாலும் ஒரு கதம்பம். மீட்டர் செட் ஒரு வருட மாடல், டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்டது, முகப்புச் சட்டம் ஏசி உள்ள வண்டியிலிருந்து கழற்றியது, ஸ்க்ரூக்கள் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. தனித்தனியாகச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். சேர்த்து மாட்டினால்தான் தகராறு. அதனால் எது கெட்டுப்போனது என்று தேடுவதைவிட, எது எந்த வண்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அதே தப்பான பாகத்தைப் புதிதாக வாங்கி மாட்டியவர்கள் ஏராளம்.

கழற்றும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் எடுத்துவிடுங்கள். வண்டியில் ஏர்பேக் இருந்தால், அதன் பிறகு சில நிமிடங்கள் காத்திருந்துதான் டேஷில் கை வைக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டில் கியர் லீவர் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டியில், கியர் நிலையைக் காட்டும் சின்ன முள்ளுக்கு ஒரு மெல்லிய கம்பியோ நூலோ தண்டிலிருந்து வரும். அதை அவிழ்க்காமல் மீட்டர் செட்டை இழுத்தால் அறுந்துவிடும். தனியாக வாங்குவது லேசில்லை. ஸ்பீடோமீட்டர் கேபிளும் அப்படித்தான். மீட்டர் செட்டை ஒரு கை நுழையும் அளவு மட்டும் முன்னால் சாய்த்து, பின்னால் விரலை விட்டு, கேபிளின் தலையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கை அமுக்கிக்கொண்டே இழுங்கள். மரை வைத்த வகையானால் கையாலேயே திருகி எடுக்கலாம்.

பழைய மீட்டர் செட்டில் ஓடிய தூரத்தையும் புதிதில் இருக்கும் எண்ணையும் தேதியுடன் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். ஓடோமீட்டர் எண்ணை மறைத்து விற்பது பல நாடுகளில் குற்றம். மீட்டர் செட் மாறிய வண்டிக்கு இந்தக் குறிப்புதான் சாட்சி.

வேறு வண்டியின் மீட்டர் செட்டை நேரடியாகச் சாக்கெட்டில் செருகாதீர்கள். சாக்கெட் அச்சு அசலாகப் பொருந்தும். உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கும். முதுகில் ஒட்டியிருக்கும் சர்க்யூட் தாளில் செம்புக் கோடுகளை விரலால் தொடர்ந்து பாருங்கள். எல்லா மீட்டர்களின் ஒரு காலையும் இணைத்துக்கொண்டு போகும் கோடு இக்னிஷன் சப்ளை; வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ள செட்டில் அது ஸ்டெபிலைசரின் வெளியீடு, 12 வோல்ட் அதன் உள்ளீட்டுக்குத்தான். எல்லா உள்விளக்குகளையும் இணைப்பது டிம்மர் கோடு. உடம்பு ஸ்க்ரூவில் போய் முடிவது எர்த். மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது 12 வோல்ட் சப்ளையை 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் வழியாகக் கொடுங்கள். பின் மாறி ஷார்ட் ஆனால் பல்பு பிரகாசமாக எரியும், செம்புக் கோடு பிழைத்துக்கொள்ளும். பல்பு இல்லாமல் கொடுத்தால் அந்தக் கோடுதான் ஃபியூஸ்.

டேங்க் நிரம்பினால் முள் இறங்குகிறது, காலியானால் ஏறுகிறது

மீட்டரும் டேங்க் யூனிட்டும் வேறு வேறு குடும்பம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. டேங்க் யூனிட் என்பது மிதவையின் கையோடு நகரும் ஒரு ரெசிஸ்டர். அதன் ஓம் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலதில் திசையே தலைகீழ்:

1965-க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்: காலி 0, முழு 90 ஓம். அதற்கு முந்தையவை: காலி 0, முழு 30.
1986 வரையிலான ஃபோர்டு, பழைய கிறைஸ்லர் குடும்பம்: காலி 73, முழு 10.
1987 முதல் ஃபோர்டு பிக்கப்: காலி 16, முழு 158.
தனியாக விற்கும் பொது மீட்டர்கள்: காலி 240, முழு 33.
விடிஓ (ஜெர்மன் மீட்டர் நிறுவனம்) வகை: காலி 10, முழு 180.

டேங்கிலுள்ள ஒயரைக் கழற்றி, யூனிட்டின் முனைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். டேங்கில் எவ்வளவு எண்ணெய் (பெட்ரோல் அல்லது டீசல்) இருக்கிறது என்பது தோராயமாகத் தெரிந்தால் போதும், யூனிட் எந்த வரிசை என்பது பிடிபட்டுவிடும். சந்தேகமாக இருந்தால் யூனிட்டை வெளியே எடுத்து, மிதவையைக் கீழிருந்து மேலே மெல்ல நகர்த்துங்கள். எண் வழுக்கிக்கொண்டே மாற வேண்டும். நடுவில் எங்காவது தொடர்பு அறுந்தால் யூனிட் தேய்ந்திருக்கிறது.

அடுத்து மீட்டர். டேங்க் ஒயரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் முழுமைக்கு மேலே போனால் அது ஜெனரல் மோட்டார்ஸ், 1987 முதலான ஃபோர்டு அல்லது விடிஓ வகை. காலியில் விழுந்தால் பழைய ஃபோர்டு, கிறைஸ்லர் அல்லது 240–33 வகை. அந்த ஒயரை எர்த்தில் தொட்டால் நேர்மாறாக நடக்கும். ஆனால் பழைய ஃபோர்டு வகையில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் தொட்டு வைக்காதீர்கள், உள்ளே சுற்றிய கம்பி சூடேறும். உறுதி செய்ய 10, 33, 75, 91, 160, 240 ஓம், 2 வாட் ரெசிஸ்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு, டேங்க் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே ஒவ்வொன்றாக வையுங்கள். எந்த இரண்டில் முள் காலியிலும் முழுமையிலும் சரியாக நிற்கிறதோ, அதுவே மீட்டரின் குடும்பம்.

கலப்படம் எப்படிக் காட்டும் என்று சில உதாரணங்கள். 0–90 மீட்டரோடு 240–33 யூனிட்: முழு டேங்கில் முள் மூன்றில் ஒரு பங்கில் நிற்கும், பாதி டேங்கிலேயே முழுமையைத் தாண்டிவிடும். 0–90 மீட்டரோடு 73–10 யூனிட்: நிரப்பியதும் கிட்டத்தட்டக் காலி, காலியானதும் முக்கால். 73–10 மீட்டரோடு 240–33 யூனிட்: திசை சரி, ஆனால் முழு டேங்கிலும் முள் பாதியைத் தொடாது. இந்தக் கடைசிக் கலப்படத்தைத்தான் பலர் வண்டி எண்ணெய் குடிக்கிறது என்று நினைத்து கார்புரேட்டரைப் பிரிக்கிறார்கள்.

ஒரு ரெசிஸ்டரைப் பக்கத்தில் இணைத்தால் சரியாகிவிடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 ஓமோடு 105 ஓமைப் பேரலலில் சேர்த்தால் 73 வரும், காலி சரியாகிவிட்டது. அதே 105, முழு டேங்கின் 33 ஓமோடு சேர்ந்தால் 25, வேண்டியது 10. ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை விலகும். தலைகீழான திசையை எந்த ரெசிஸ்டரும் திருப்பாது. சரியான வழி, மீட்டரின் குடும்பத்துக்கு ஏற்ற டேங்க் யூனிட். அது டேங்கின் ஆழத்துக்குப் பொருந்தவில்லை என்றால், யூனிட்டுக்கு ஏற்ற மீட்டரை மட்டும் மீட்டர் செட்டுக்குள் மாற்றுங்கள். இரண்டும் முடியாதபோதுதான் நடுவில் வைக்கும் எலெக்ட்ரானிக் மாற்றுப் பெட்டி.

எண்ணெய் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாகப் பொய் சொல்கின்றன

இரண்டும் ஒரே நேரத்தில் உயர்ந்தோ தாழ்ந்தோ காட்டினால் டேங்கையும் சென்சாரையும் விடுங்கள். பழைய ஃபோர்டு, கிறைஸ்லர் மீட்டர்கள் நேராக 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. மீட்டர் செட்டின் முதுகில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அது 12 வோல்ட்டை விட்டு விட்டுத் தந்து சராசரி 5 வோல்ட்டாக்கும். பிரிட்டிஷ் மீட்டர்களில் சராசரி 10 வோல்ட். இதற்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் கிடைக்கிறது. எர்த் போனால் முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போய், எல்லா முட்களும் உச்சிக்கு ஏறும். அப்படியே ஓட்டினால் மீட்டர்கள் கருகும்.

டிஜிட்டல் மீட்டரில் இதன் வெளியீட்டைப் பார்த்தால் எண்கள் குதித்துக் குழப்பும். டெஸ்ட் லேம்ப் வையுங்கள்: மினுக் மினுக் என்றால் வேலை செய்கிறது, நிலையாக எரிந்தால் ஒட்டிக்கொண்டது, எரியவே இல்லை என்றால் செத்துவிட்டது. மாற்றும்போது எலெக்ட்ரானிக் வகையைப் போடுவது நல்லது.

கலப்படத்தில் நடக்கும் விபத்தும் இங்கேதான். ஜெனரல் மோட்டார்ஸின் காந்தச் சுருள் மீட்டர் நேரே 12 வோல்ட்டில் ஓடும். அந்த இடத்தில் ஸ்டெபிலைசர் தேவைப்படும் மீட்டரை மாட்டினால் கருகிப் போகும். எந்த வகை என்பதை முள்ளின் நடையே சொல்லிவிடும். சாவியைப் போட்டதும் பத்து வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு சோம்பலாக ஏறினால் உள்ளே சூடேறி வளையும் இரட்டை உலோகப் பட்டை. அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும். போட்டவுடன் துள்ளிப் போய் நின்றால் காந்தச் சுருள்.

இண்டிகேட்டர் துடிக்கும்போது எண்ணெய் முள்ளும் கூடவே துடிக்கிறது

எர்த். வேறு எதையும் தேட வேண்டாம். இரும்பு டேஷில் மீட்டர் செட் தன் ஸ்க்ரூக்கள் வழியாகவே எர்த் எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சட்டம் வந்ததும், அல்லது ஸ்க்ரூ துளையில் பெயின்ட் அடித்ததும் அந்த வழி அடைபடும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இரு முனைக்கும் ரிங் டெர்மினல் வைத்து, மீட்டர் செட்டின் எர்த் காலிலிருந்து சுரண்டிப் பளபளப்பாக்கிய டேஷ் இரும்புக்கு இணையுங்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் போட்ட நிலையில், அந்த எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

டெம்பரேச்சர் அல்லது ஆயில் முள் ஒன்று தரையில், இல்லையென்றால் உச்சியில், நடுவே நிற்பதில்லை

எச்சரிக்கை விளக்கு மட்டும் இருந்த வண்டியில் முள் உள்ள மீட்டர் செட்டை மாட்டியிருக்கிறார்கள், எஞ்சினில் பழைய சென்சாரே இருக்கிறது. விளக்குக்கான சென்சார் வெறும் சுவிட்ச்: ஆன் அல்லது ஆஃப். முள்ளுக்கு வேண்டியது ஓம் மெல்ல மாறும் சென்சார். மீட்டரின் மாடலுக்கு உரிய சென்சாரைப் போடுங்கள். மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றிக் குவிக்காதீர்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த்தே அந்த மரைதான். ஆயில் சென்சார் சுவிட்சைவிடப் பருமனாக இருக்கும், பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

மீட்டர் செட் மாற்றியதிலிருந்து பேட்டரி இறங்குகிறது

ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லும் முன், பழைய மீட்டர் செட்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இருந்ததா என்று யோசியுங்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை இல்லை. சாவி போட்டதும் அதன் வழியாகப் போகும் சிறு கரன்ட்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புகிறது. வோல்ட் மீட்டர் உள்ள புதிய செட்டில் அந்த விளக்கு இல்லாவிட்டால், எஞ்சினை நன்றாக முறுக்கிய பிறகே சார்ஜ் தொடங்கும், அல்லது தொடங்கவே தொடங்காது. விளக்கு இருந்தும் அதில் எல்இடி போட்டிருந்தால் அதே கதை: எல்இடி வழியாகப் போகும் கரன்ட் போதாது.

12 வோல்ட் 3 வாட் இழை பல்பு ஒன்றை ஹோல்டரோடு டேஷுக்குப் பின்னால் இணைத்தால் தீர்ந்தது. ஒரு முனை இக்னிஷன் சப்ளைக்கு, மறுமுனை ஆல்டர்னேட்டரின் விளக்கு ஒயருக்கு. பல்பு வேண்டாம் என்றால் 50 ஓம் ரெசிஸ்டர். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது அதில் ஏறக்குறைய 3 வாட் சூடு வரும், அதனால் 10 வாட் அளவு எடுத்துப் பிளாஸ்டிக்கில் படாமல் இரும்பில் பொருத்துங்கள்.

சார்ஜ் முள் அசையவே இல்லை, அல்லது சர்க்யூட் தாளில் ஒரு கோடு கருகியிருக்கிறது

அம்மீட்டருக்கான வயரிங்கில் வோல்ட் மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. அம்மீட்டரின் இரு கால்களுக்கும் வரும் ஒயர்கள் இரண்டிலும் பேட்டரி கரன்ட் உண்டு. வோல்ட் மீட்டரின் ஒரு கால் எர்த்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே வித்தியாசமே இல்லாததால் வோல்ட் மீட்டர் பூஜ்யம் காட்டும். புதிய தாளில் எர்த் கோடு அந்த இடத்தில் இருந்தால் நேரடி ஷார்ட். மெல்லிய ஒயர் வந்தால் அது ஷன்ட் வகை, அதாவது பெரும்பகுதிக் கரன்ட் டேஷுக்கு வராமல் வெளியிலேயே போகிறது: இரண்டையும் தனித்தனியாக இன்சுலேட் செய்து ஒதுக்கிவிட்டு, சாவிக்குப் பின் வரும் சப்ளையிலிருந்தும் எர்த்திலிருந்தும் புது ஒயர் இழுங்கள்.

தடித்த ஒயர்கள் வந்தால் வண்டியின் முழுக் கரன்ட்டும் டேஷ் வழியாகப் போய்வருகிறது என்று பொருள். அந்த இரண்டையும் ஒதுக்கினால் வண்டியில் எதுவுமே எரியாது. ரிங் டெர்மினல்களை ஒரே போல்ட்டில் சேர்த்து இறுக்கி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, இரும்பில் உரசாத இடத்தில் கட்டுங்கள். இந்த வகை அம்மீட்டரை வைத்துக்கொண்டு, டயலில் எழுதியிருப்பதைவிட அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டரை மாட்டுவது டேஷுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ஸ்பீடோமீட்டர் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது

கேபிள் வகை ஸ்பீடோமீட்டரின் டயலில் சின்னதாக ஓர் எண் இருக்கும். 1000 என்றால் ஒரு மைலுக்குக் கேபிள் 1000 சுற்று. அமெரிக்க வண்டிகளில் பரவலாக இருப்பது. ஜப்பானிய டயல்களில் 637, அது ஒரு கிலோமீட்டருக்கு. 1000-ஐக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 621, ஆக இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான். அதற்காக எதையும் பிரிக்க வேண்டாம். அதைவிடப் பெரிய பிழை என்றால் டயர் அளவு, பின் ஆக்சில் விகிதம், கியர் பாக்ஸில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் இவற்றில் ஒன்று.

முதலில் மீட்டரைத் தனியாகச் சோதியுங்கள். கேபிளின் உள்கம்பியை டிரில்லில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். முள் ஏறாமல் கீழ்த்தடையில் அழுந்தினால் திசையை மாற்றுங்கள். 1000 வகை மீட்டர் நிமிடத்துக்கு 1000 சுற்றில் 60 மைல் காட்ட வேண்டும். 637 வகை 637 சுற்றில் 60 கிலோமீட்டர். மீட்டர் சரி என்றால் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். இப்போதுள்ள பற்களின் எண்ணிக்கையை முள் காட்டும் வேகத்தால் பெருக்கி, ஜிபிஎஸ் காட்டும் வேகத்தால் வகுங்கள். 20 பல், முள் 66, உண்மை 60 என்றால் 22 பல் வேண்டும்.

முள் குதித்தால் கேபிள் நீளம் பொருந்தவில்லை. அதிக நீளம் டேஷுக்குப் பின்னால் சுருண்டு மடங்கும். வளைவின் ஆரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. கிரீஸ் வைக்கும்போது மீட்டர் பக்கத்துக் கடைசி 15 சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் சுழற்சியில் மேலேறி மீட்டருக்குள் போய்விடும்.

ஆர்பிஎம் மீட்டர் எப்போதும் ஒரே விகிதத்தில் தவறினால் சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருக்கிறது. 8 சிலிண்டர் மீட்டரை 6 சிலிண்டர் எஞ்சினில் மாட்டினால் 2000 சுற்றுக்கு 1500 காட்டும்.

சில விளக்குகள் எரியவில்லை

பல்பு ஹோல்டரைக் கால் திருப்பில் கழற்றிப் பாருங்கள். ஹோல்டரின் செம்பு நாக்குகள் சர்க்யூட் தாளை அழுத்தும் இடத்தில் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அந்தச் செம்பு காகிதத்தைவிட மெல்லியது. ஹோல்டர்களில் தாள் தடிமனுக்கு ஏற்ப வகைகள் உண்டு. லூசாக ஆடினால் வேறு வண்டியின் ஹோல்டர். அறுந்த கோட்டுக்கு மேல் பசை உள்ள செம்பு டேப்பை ஒட்டி, இரு முனையிலும் சிறிய சால்டரிங் இரும்பால் சட்டென்று ஈயம் வையுங்கள். இரும்பை நிறுத்தி வைத்தால் தாள் உருகும்.

இடது வலது இரண்டுக்கும் ஒரே இண்டிகேட்டர் விளக்கு உள்ள மீட்டர் செட்டில் எல்இடி போட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டுமே எரியும். அங்கே இழை பல்பையே விடுங்கள்.

முகப்புச் சட்டம் உட்காரவில்லை, ஸ்க்ரூ போட்டதும் விரிசல் விடுகிறது

ஏசி உள்ள வண்டியின் சட்டத்தில் காற்று வழிக்கான திறப்புகளும் அவற்றின் பின்பக்கக் குழாய்களும் இருக்கும். ஏசி இல்லாத டேஷில் அவை இரும்பில் முட்டும். எங்கே முட்டுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, சட்டத்தின் பின்விளிம்பில் சாக்பீஸ் பொடியைத் தடவி ஒரு முறை வைத்து எடுங்கள். வெள்ளை ஒட்டிய இடம்தான். ஸ்க்ரூவை முறுக்கி இழுத்துப் பொருத்தினால் முதல் வெயிலிலேயே விரியும்.

எல்லா ஸ்க்ரூவையும் இரண்டு மரை மட்டும் பிடிக்க விட்டு, சட்டம் நகர்ந்து இடம் பார்த்துக்கொண்ட பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். நீளமான ஸ்க்ரூ தவறான துளைக்குள் போனால் பின்னாலிருக்கும் சர்க்யூட் தாளைக் குத்தும். யூ கிளிப் தொலைந்த துளையில் பெரிய ஸ்க்ரூவைத் திணிக்காமல் புதுக் கிளிப் போடுங்கள்.

விரிசலை ஒட்டும் முன் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஏபிஎஸ் (ABS பிளாஸ்டிக்) என்றால், அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை மூடிபோட்ட கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்துத் தேன் பதத்துக்குக் கரையுங்கள். விரிசலின் பின்பக்கத்தில் இதைப் பூசி, கண்ணாடி இழை வலையைப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. ஒரு நாள் காய விடுங்கள். தீப்பொறி பக்கத்தில் இருக்கக்கூடாது. பிபி (PP, பாலிபுரொப்பிலீன்) என்றால் அசிட்டோன் ஒன்றும் செய்யாது, சூட்டால் உருக்கித்தான் ஒட்ட வேண்டும். எழுத்தே இல்லையா? ஓரத்தில் ஒரு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். ஏபிஎஸ் மூழ்கும், பிபி மிதக்கும்; ஆனால் தாதுப்பொடி கலந்த பிபி மூழ்கவும் கூடும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்: ஏபிஎஸ் பிசுபிசுக்கும்.

நிறம் ஒத்துப்போகவில்லை

ஒரே நிறக் குறியீடு கொண்ட இரண்டு பாகங்கள்கூட, ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் கிடந்திருந்தால் ஒத்துப்போகாது. அதனால் ஒன்றை மட்டும் அடித்து மற்றதோடு சேர்க்கப் பார்க்காதீர்கள். கண்ணில் படும் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே டப்பா வகையில் அடியுங்கள். பாத்திர சோப்பில் கழுவி, சாம்பல் நிற ஸ்க்ரப் பேடால் மழமழப்பைக் கொன்று, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். டேஷ் பாலிஷின் சிலிக்கோன் எச்சம் இருந்தால் பெயின்ட் மீன்கண் போலக் குழி விடும். பிபி பாகத்துக்கு மட்டும் முதலில் ஒட்டுப் பிரைமர். பிறகு மெல்லிய பூச்சாக மூன்று நான்கு, இடையே பத்து நிமிடம். மீட்டர் கண்ணாடியில் ஆல்கஹால் வேண்டாம். அக்ரிலிக் என்றால் நூல் நூலாக வெடிக்கும்.

ஹீட்டர் லீவரை எங்கே தள்ளினாலும் காற்று முன்கண்ணாடிக்கே போகிறது

ஹீட்டர் பெட்டிக்குள் காற்றைத் திருப்பும் கதவுகள் வேக்குவத்தில் இயங்குபவை, அவற்றுக்குக் கேபிள் வகைக் கன்ட்ரோல் மாட்டியிருக்கிறது, அல்லது கன்ட்ரோலுக்குப் பின்னால் வேக்குவக் குழாய் கழன்றிருக்கிறது. வேக்குவம் போனால் பல வண்டிகளில் காற்று முன்கண்ணாடிப் பக்கம் திரும்பும்படிதான் அமைத்திருப்பார்கள். எஞ்சினை ஓடவிட்டு ரேடியோவை அணைத்துக் காதை டேஷ் பக்கம் வையுங்கள். உஸ் என்ற சத்தம் வரும் இடம்தான் கழன்ற இடம். கேபிள் வகையில் சூடு முழுதாக நிற்கவில்லை என்றால், லீவரைக் குளிர் முனைக்குத் தள்ளி வைத்து, ஹீட்டர் பெட்டிப் பக்கம் கேபிள் உறையைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, கதவைக் கையால் முழுதாக மூடிப் பிடித்துக்கொண்டு கிளிப்பை மறுபடி போடுங்கள்.